படத்தைத் தெரிவு செய்யும் முன் மேசையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகள் ஊர் திரும்பும் காலம் வருகிறது. கடைகளிலும் ஹோட்டல்களிலும் மாதக்கணக்கில் நின்று உழைத்த காசில் ஒரு பங்கு இப்போதெல்லாம் பச்சை குத்திக்கொள்ளவும் போகிறது. அம்மாவின் பெயர், முருகனின் வேல், பிள்ளை பிறந்த திகதி என்று ஆசையோடு கேட்கிறார்கள். அந்த ஆசையில் குறை சொல்ல எதுவுமில்லை. முன்கையில் கோலமும் புள்ளியுமாகப் பச்சை குத்திய பாட்டிமார் நமது தேயிலைத் தோட்டத்து லயங்களில் (வரிசை வீடுகளில்) இன்றும் இருக்கிறார்கள். விளக்குப் புகைக்கரியைக் குழைத்து ஊசியால் குத்தி ஏற்றியது அது. கரி கறுப்புத்தான். தோலுக்கு அடியில் தங்கியபின், மேலே உள்ள தோல் வழியாகப் பார்க்கும்போது நீலமும் பச்சையும் கலந்து தெரிகிறது.

எங்கள் கவலை வேறு. ஹட்டனிலோ கண்டியிலோ பண்டாரவளையிலோ ஒரு கடைக்குள் நுழையும் பிள்ளை சுவரில் ஒட்டிய படத்தையும் விலையையும் மட்டும் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறது. இன்னொரு பிள்ளை, இணையத்தில் வாங்கிய மெஷினோடு லயத்து அறையில் பழகிக்கொண்டிருக்கும் கூட்டாளியிடம் "சும்மா போட்டுவிடு மச்சான்" என்று கையை நீட்டுகிறது. இந்தத் தொழிலின் உள்விவரம் தெரிந்தவர்கள் என்ற உரிமையில், குத்துபவரை எப்படித் தெரிவு செய்வது என்று உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் ஊசி. புதியதா என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். கேட்பதைவிட, பிரிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஒவ்வொரு ஊசியும், அல்லது ஊசி பொருத்திய ஒவ்வொரு காட்ரிஜும், தனிப் பொதியில் வரும். ஒரு பக்கம் கடதாசி, மறுபக்கம் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக். அதன்மேல் தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, எத்திலீன் ஒக்சைட் வாயுவால் கிருமி நீக்கப்பட்டது என்ற குறி மூன்றும் இருக்கும். 1205 என்று எண் இருந்தால், 12 என்பது ஊசிக் கம்பியின் தடிப்பு, அதாவது 0.35 மில்லிமீற்றர். 05 என்பது சேர்த்து ஒட்டிய ஊசிகளின் எண்ணிக்கை. கோடு இழுக்க வட்டமாக நெருக்கிய ஊசி, நிழல் கொடுக்க வரிசையாக அகலத்தில் அடுக்கிய ஊசி. காட்ரிஜ் பாவிப்பவரிடம் அதன் உள்ளே சவ்வு இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த மெல்லிய சவ்வு இல்லாவிட்டால் மையும் இரத்தமும் பின்னோக்கி ஏறி மெஷினுக்குள் போகும். ஊசி புதிதாக இருந்தும், முன்னர் உட்கார்ந்தவரின் இரத்தம் மெஷின் வழியாக உங்களுக்கு வந்து சேரலாம்.

"கொதிக்கவைத்து எடுத்தேன்", "டெட்டோலில் ஊறவைத்தேன்", "நெருப்பில் காட்டினேன்" என்று எவராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வாருங்கள். ஈரலைத் தாக்கும் ஹெப்படைடிஸ் பி வைரஸ் உலர்ந்த இரத்தத்தில்கூட குறைந்தது ஏழு நாட்கள் தொற்றும் வலுவோடு இருக்கும். கொதிநீர் எந்த ஊரிலும் ஊசியை முழுமையாகக் கிருமி நீக்கம் செய்யாது. நமது மலையில் அதற்கு வலு இன்னும் குறைவு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். பிடி, குழாய் போன்ற திரும்பப் பாவிக்கும் உலோகப் பாகங்களுக்கு, அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவியான ஒட்டோகிளேவ் வேண்டும். 121 பாகை, சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அழுத்தம், குறைந்தது 15 நிமிடம். பொதியிட்ட பொருளென்றால் அதற்கும் மேல். நீல வெளிச்சம் எரியும் சிறு பெட்டிக்குள் பொருட்களை அடுக்கி வைத்திருப்பதைச் சிலர் பெருமையாகக் காட்டுவார்கள். அந்த வெளிச்சம் படும் மேற்பரப்பைத் தாண்டி எதுவும் செய்யாது, ஒட்டோகிளேவுக்கு ஈடாகாது. ஊசியை மட்டும் எந்த முறையிலும் இரண்டாம் தடவை பாவிக்கக் கூடாது.

நமது நாட்டில் ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி குழந்தைகளுக்கான தேசியத் திட்டத்தில் சேர்ந்தது 2003இல். அதற்கு முன் பிறந்தவர்களில் பலருக்கு அது கிடைத்திருக்காது. மூன்று தடவை போட வேண்டும்: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். நாளைக்குக் குத்தப் போகிறவருக்கு இது பயன்படாது, அடுத்த வருடம் குத்த நினைப்பவருக்குப் பயன்படும். ஹெப்படைடிஸ் சி க்குத் தடுப்பூசியே இல்லை.

அடுத்து மேசை. நல்ல கலைஞர் வேலை தொடங்கும் முன் ஏறக்குறைய அரை மணி நேரத்தை ஆயத்தத்துக்கே செலவிடுவார். மேசையைத் துடைத்து, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரிப்பார். மெஷினுக்கும் அதன் வயருக்கும் உறை போடுவார். தண்ணீர் தெளிக்கும் போத்தலுக்கும் உறை இருக்கும். ரோமம் வழிக்க ஒருதடவை பாவித்து எறியும் றேஸர். வெஸ்லினை டப்பாவிலிருந்து மரக்குச்சியால் எடுத்து வேறாக வைத்துக்கொள்வார், கையுறை போட்ட விரலை டப்பாவுக்குள் விடமாட்டார். மையைச் சிறு மூடிகளில் தேவைக்கு மட்டும் ஊற்றி, மிஞ்சியதை எறிந்துவிடுவார். இதில் ஒரு சிறு அசைவைக் கவனித்தாலே ஆளைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். நடுவில் போன் அடித்தால் என்ன செய்கிறார்? இரத்தம் பட்ட கையுறையோடு போனை எடுத்து, அதே கையோடு திரும்பி வந்து குத்தத் தொடங்குபவர் படம் எவ்வளவு அழகாக வரைந்தாலும் வேண்டாம். கையுறையைக் கழற்றி, கை கழுவி, புதிதாகப் போட்டுக்கொண்டு வருபவரிடம் தாராளமாகக் கையைக் கொடுக்கலாம்.

மையில் நமது பகுதிக்கென்றே ஒரு ஆபத்து உண்டு. மெல்லிய நிழலுக்குக் கறுப்பு மையில் தண்ணீர் கலந்து சாம்பல் நிறமாக்குவார்கள். அதற்குக் கிருமி நீக்கிய தண்ணீர், அல்லது மை தயாரிப்பவரே தரும் கலவை நீர் மட்டும்தான் பாவிக்க வேண்டும். மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் குடிக்க இனிக்கும். ஆனால் ஊற்று நீரிலும் குழாய் நீரிலும் வாழும் ஒரு வகைக் கிருமி, காசநோய்க் கிருமியின் உறவுக் கூட்டத்தைச் சேர்ந்தது, வயிற்றுக்குப் போனால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, தோலுக்குள் போனால் விடாது. அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரில் 2011இன் கடைசி மாதங்களில் ஒரே கலைஞரிடம் குத்திக்கொண்ட 19 பேருக்கு இந்தத் தொற்று வந்தது. அங்கே காரணம் கடையின் தண்ணீர் அல்ல, முன்கூட்டியே கலந்து போத்தலில் வந்த சாம்பல் மை. அதனால் போத்தலின் முத்திரை, தயாரிப்பாளர் பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். மெஷினோடு இலவசமாக வரும் பெயரில்லாத மைப் போத்தல்களை எறிந்துவிடுவதே நல்லது. நிறங்களில் ஒவ்வாமைக்கு அதிகம் காரணமாவது சிவப்பு. உடனே வரும் என்றில்லை, மாதங்களும் வருடங்களும் கழித்துக்கூடச் சிவப்புப் பகுதி மட்டும் தடித்து அரிக்கும்.

இனி கைவேலை. மேல்தோல், உடம்பின் பெரும்பாலான இடங்களில், ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குதான். அது சில கிழமைகளுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகும். மை அதற்குக் கீழே உள்ள படையில், ஏறத்தாழ ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீற்றருக்குள் தங்க வேண்டும். மேலோட்டமாகக் குத்தினால் ஒரு மாதத்தில் கோடு விட்டுவிட்டுப் போகும். ஆழமாகப் போனால் கோட்டின் இரு பக்கமும் நீல நிழல் படரும், ஈரக் கடதாசியில் பேனா வைத்ததுபோல. அந்த நிழலை எவராலும் திருப்பி எடுக்க முடியாது. பழகுபவர்கள் செய்யும் முதல் பிழை இதுதான். தோலை இழுத்துப் பிடிக்காமல் குத்துகிறார்கள், மை ஏறவில்லை என்று அதே இடத்தில் நாலைந்து தடவை ஓட்டுகிறார்கள், தோல் கிழிந்து தழும்பாகிறது.

ஆகவே கலைஞரின் போனில் உள்ள படங்களைப் பார்க்கும்போது, அன்றே குத்தி முடித்து பளபளவென்று எடுத்த படங்களை ஒதுக்கிவிடுங்கள். அன்றைக்கு எல்லாமே அழகுதான். ஆறு மாதமாவது ஆறிய வேலையைக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் நம்மைப் போன்ற நிறமுள்ள தோலில். வெள்ளை, மஞ்சள், இளநீலம் எல்லாம் வெளிநாட்டுப் படங்களில் பளிச்சென்று இருக்கும். நமது தோலில் ஆறியபின் அவை மங்கி, பல சமயம் பழைய தழும்புபோலத்தான் தெரியும். கறுப்பும் கடும் நிறங்களும்தான் நிற்கும். இதை முன்கூட்டியே சொல்லி, கேட்ட நிறத்தை மறுக்கும் கலைஞர் உங்கள் காசைவிட உங்கள் தோலை மதிக்கிறார். வட்டங்களைப் பாருங்கள், தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேர்கிறதா என்று. ஒரே கையின் புதுப் படமும் ஆறிய படமும் இருக்கிறதா என்று கேளுங்கள். மற்றவரின் படங்களை எடுத்துத் தன்னுடையது என்று காட்டுபவரிடம் அந்தச் சோடி இருக்காது.

எங்களுக்கு மிகவும் மனம் நோகும் விடயம் தமிழ் எழுத்து. கண்டியிலும் கொழும்பிலும் நன்றாகக் குத்தும் கலைஞர்கள் பலர் தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள். அது அவர்கள் குற்றமில்லை. நீங்கள் அனுப்பும் பெயரை அவர்கள் ஒரு படமாகத்தான் பார்க்கிறார்கள். போனில் சரியாகத் தெரியும் "தேவி" என்ற பெயரை, தமிழுக்குச் சரிசெய்யாத வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால், கொம்பு தன் இடத்தில் நிற்காது. த முதலில் வந்து, கொம்பு அதற்குப் பின்னால் போய் வ வுக்கு முன் நிற்கும். வாசித்தால் "தவே" என்று வரும், மேலே ஒரு விசிறி அந்தரத்தில் தொங்கும். சில சமயம் கொம்புக்குப் பக்கத்தில் புள்ளியிட்ட ஒரு சிறு வட்டம் தோன்றும். அது எழுத்தல்ல, மென்பொருள் தடுமாறியதன் அடையாளம். அதையும் அலங்காரம் என்று நினைத்துக் குத்திவிடுகிறார்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சுச் செய்த பெயரை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும். மெய்யெழுத்தின் புள்ளி அழுக்கு என்று துடைக்கப்படும், அன்பு அனபு ஆகிவிடும். ர வின் கால் நீட்டு விடுபட்டால் "வரம்" என்பது "வாம்" ஆகும். ழ, ள, ல பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதற்கு வழி எளிது. பெயரை வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் தெளிவாக எழுதி, அல்லது எழுத்துக் குலையாதபடி படமாகச் சேமித்து, அதையே கொடுங்கள். கலைஞர் அதை ஸ்டென்சிலாக்கி ஊதா மையில் தோலில் ஒட்டுவார். தமிழ் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போய், ஒட்டிய பின் தோலில் நேரே வாசிக்கச் சொல்லுங்கள். கண்ணாடியிலும் போனின் முன் கமராவிலும் எழுத்து இடம் வலமாகத் திரும்பும், அவற்றில் பார்த்துச் சம்மதிக்க வேண்டாம். நேராக நின்று, கையைத் தொங்கவிட்டபடி பாருங்கள். மடித்த கையில் நேராகத் தெரிந்தது நீட்டினால் கோணும். பிழை இருந்தால் ஸ்பிரிட்டால் துடைத்து மறுபடி ஒட்டலாம். நல்லவர் நாலு தடவை ஒட்டுவார், முகம் சுளிக்கமாட்டார். ஒட்டியபின் பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதி வேலையில் கோடு அழிந்து கண்மதிப்பில் குத்துவார்கள்.

எழுத்தின் அளவிலும் கஞ்சத்தனம் வேண்டாம். வருடங்கள் போகப் போக எல்லாக் கோடும் தோலுக்குள் கொஞ்சம் பரவும். ண, ஞ, இ, ஐ ஆகியவற்றின் சுழிக்குள் இரண்டு மில்லிமீற்றராவது வெறும் தோல் இல்லாவிட்டால் பத்து வருடத்தில் சுழி அடைந்துவிடும். புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். எழுத்து 12 மில்லிமீற்றர் உயரத்துக்குக் குறையக் கூடாது என்பது எங்கள் கணக்கு. விரலில் சிறிதாகப் பெயர் கேட்பவர்களிடம் சொல்கிறோம்: விரலிலும் உள்ளங்கையிலும் தோல் தடிப்பு, தேய்மானமும் அதிகம், மை நிற்காது.

எந்த இடத்தில், எப்போது என்பதையும் செய்யும் வேலையை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். மேற்பரப்பு ஆற இரண்டு மூன்று கிழமை, உள்ளே ஆற இரண்டு மூன்று மாதம் எடுக்கும். கொழுந்து எடுப்பவருக்கு முன்கையில் தேயிலை வாது கீறும், மேல்முதுகில் கூடை உரசும், இடுப்பில் கட்டும் படங்கு இறுக்கும். மருந்து அடிப்பவர், உரம் போடுபவர் ஆறாத கையோடு அந்த வேலைக்குப் போகவே கூடாது. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை மழை. துணி காயாது, புண்ணும் காயாது, கணுக்காலை அட்டையும் விடாது. அந்தப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். பதுளைப் பக்கம் மாரி மழை வருட இறுதியில் என்பதால் அங்கே அது முடியும் வரை பொறுக்க வேண்டும்.

இடது மேற்கையில் பிறந்தவுடன் போட்ட பிசிஜி ஊசித் தழும்பைத் தடவிப் பாருங்கள். காது குத்திய இடத்தையும் பாருங்கள். அவை புடைத்து, காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்திருந்தால் உங்களுக்குப் புடைத்தழும்பு வரும் தோல். பச்சையும் அப்படியே புடைக்கலாம், குறிப்பாக நெஞ்சிலும் தோளிலும். அப்படியானவர்கள் குத்தாமல் இருப்பது நல்லது. கட்டுப்படாத நீரிழிவு, இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து இரண்டில் ஒன்று இருந்தாலும் வைத்தியரிடம் கேட்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தள்ளிப்போட வேண்டும். பதினெட்டு நிறையாதவருக்குக் குத்தக் கூடாது. சாராயம் குடித்துவிட்டுப் போனால் இரத்தம் அதிகம் கசியும், மை வெளியே வரும். வயிறு நிறையச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கிப் போங்கள்.

குத்திய பின் கொதித்தாறிய தண்ணீரும் வாசனையில்லாத சவர்க்காரமும் கொண்டு, கழுவிய கையால் மெதுவாகக் கழுவுங்கள். சுத்தமான தாளால் ஒற்றி எடுங்கள். கலைஞர் சொல்லும் களிம்பை மினுங்கும் அளவுக்கு மட்டும், நாளுக்கு இரண்டு தடவை. தடிப்பாகப் பூசினால் புண் ஊறி, பொருக்கோடு மையும் கழன்று வரும். மஞ்சள், தேங்காயெண்ணெய், மூலிகைச் சாறு எதுவும் வேண்டாம். ஆறு, குளம், அருவியில் மூன்று கிழமைக்கு இறங்க வேண்டாம். அரிக்கும்போது சொறியாமல் உள்ளங்கையால் தட்டுங்கள்.

முதல் இரண்டு நாள் சிவப்பும் வீக்கமும் இயல்பு. மூன்றாம் நாளுக்குப் பின்னும் சிவப்பு பரவினால், சூடு, சீழ், காய்ச்சல், மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு தெரிந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சில கிழமை கழித்து நிழல் கொடுத்த இடத்தில் மட்டும் சிறு சிவப்புக் குருக்கள் எழுந்தால் அது மேலே சொன்ன தண்ணீர்க் கிருமியாக இருக்கலாம். சாதாரண மருந்துக்குக் கேட்காது, மாதக்கணக்கில் சிகிச்சை வேண்டியிருக்கும். வெட்கப்பட்டு மறைக்காமல் "பச்சை குத்தினேன்" என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். இரத்த தானம் செய்யப் போகும்போதும் சொல்லுங்கள், குறிப்பிட்ட காலம் பொறுக்கச் சொல்வார்கள்.

திருவிழாக் கடைகளில் "கறுப்பு மருதாணி" என்று போடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருதாணி செம்மஞ்சளும் பழுப்புமாகத்தான் பிடிக்கும், நேரமும் எடுக்கும். சிறிது நேரத்தில் கன்னங்கரேலென்று பிடித்தால் அதில் தலைமயிர்ச் சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற இரசாயனம் இருக்கலாம். பிள்ளைகளின் தோல் கொப்புளித்து, படத்தின் வடிவத்திலேயே தழும்பாகும்.

புத்தர் உருவத்தை எந்த இடத்திலும் குத்த வேண்டாம். 2014 ஏப்ரலில் கையில் புத்தர் உருவம் குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவர் கட்டுநாயக்கவில் தடுக்கப்பட்டு, நாடு கடத்தப்பட்டார். 2017 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய உரிமை மீறப்பட்டதாகத் தீர்த்து நட்டஈடு வழங்கியது. ஆனால் அந்த நீதி கிடைக்க மூன்றரை வருடம் ஆனது. வெளிநாட்டு வேலைக்குப் போக எண்ணுபவர்கள் கழுத்து, முகம், புறங்கையைத் தவிர்த்து, விண்ணப்பத்தின் நிபந்தனைகளை முதலில் வாசிக்கட்டும். பிறகு லேசரால் எடுத்துவிடலாம் என்று சொல்பவர்கள் ஆறு முதல் பத்துத் தடவைக்கு மேலும் போக நேரிடும், ஒவ்வொன்றுக்கும் ஆறு எட்டுக் கிழமை இடைவெளி வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. சுண்ணாம்பும் அமிலமும் வைத்து எரிப்பவர்களுக்குப் பச்சை போகும், அந்த இடத்தில் தழும்பு வரும்.

கடைசியாக, சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உணவுக் கடைகளைச் சென்று பார்ப்பதுபோல, நகரங்களில் பச்சை குத்தும் இடங்களையும் வந்து பாருங்கள். ஒட்டோகிளேவ் இருக்கிறதா, கை கழுவத் தனிக் குழாய் இருக்கிறதா, மைப் போத்தலின் இலக்கம் பதியப்படுகிறதா என்று கேளுங்கள். ஒழுங்காகத் தொழில் செய்பவர்கள் உங்களை வரவேற்பார்கள். பாவித்த ஊசிகளைப் போடும் மஞ்சள் நிறத் தடித்த பெட்டி எங்கே, நிரம்பினால் அது எங்கே போகிறது என்பதை மறக்காமல் கேளுங்கள். லயத்து அறையில் குத்தும்போது அந்த ஊசி ஷொப்பிங் பையில் கட்டப்பட்டு, லயத்துக்குப் பின்னால் உள்ள குப்பைக் குழியிலோ தேயிலைக் கானிலோதான் (வடிகாலிலோதான்) விழுகிறது. அடுத்த நாள் காலை அந்தக் கானில் வெறுங்காலோடு இறங்குவது நமது ஆட்கள்தான்.

இப்படிக்கு,
பச்சை குத்தும் தொழிலில் உள்ள வாசகர்கள்,
ஹட்டன்.